பழைய பட்டறைச் சாமானைத் தராசில் வைக்கும் முன்

நம் சங்கத்தில் ஹார்டுவேர், ஆட்டோ ஸ்பேர்ஸ், பழைய இரும்பு ஆகிய மூன்று பிரிவிலும் உள்ள உறுப்பினர்கள் கொஞ்ச காலமாக ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் பழைய மோட்டார் பட்டறைகள் மூடப்படுகின்றன. அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றுபோனது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எந்தக் கோளாறு என்றாலும் முதலில் ஸ்கேனரைத்தான் மாட்ட வேண்டியிருக்கிறது. கார்பரேட்டர், பாயின்ட், டைனமோ என்று வேலை கற்ற மேஸ்திரிகள் ஒவ்வொருவராகக் காலமாகிறார்கள். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சேர்த்து வைத்த சாமான்கள் பெட்டி பெட்டியாக நம் கடை வாசலில் வந்து இறங்குகின்றன.

வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், புல்லர் என்று பெயர் தெரிந்ததை ஒரு பக்கம் எடுத்து வைக்கிறோம். பெயர் தெரியாததை எல்லாம் தராசில் போடுகிறோம். நாற்பது வருடம் ஒருவருக்குச் சோறு போட்ட கருவி, இரும்பு விலைக்குப் போய் உருக்கு ஆலையில் விழுகிறது. விற்ற குடும்பத்துக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம். அதே கருவியை எங்கெங்கோ தேடிக்கொண்டிருக்கும் தொழிலாளி ஒருவர் இருப்பார், அவருக்கும் நஷ்டம். ஆகவே பெயர் தெரியாத சாமான் எதற்கு உரியது என்று கண்டுபிடிக்கும் வழியை, நாம் கடை அனுபவத்தில் அறிந்த வரையில் இங்கே எழுதுகிறோம்.

வெட்டிய கட்டை

சென்ற ஆண்டு நமது கடைக்கு வந்த பெட்டி ஒன்றைச் சொன்னால் விஷயம் விளங்கும். காலமான மெக்கானிக் ஒருவரின் மகன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். "எல்லாம் இரும்புதான் அண்ணாச்சி, எடை போட்டு எடுத்துக்குங்க" என்றார். அடியில் கனமான கட்டை ஒன்று கிடந்தது. சாண் நீளம் இருக்கும். மேல்பக்கம் ஆங்கில 'வி' எழுத்துப் போல வெட்டியிருந்தது. பக்கவாட்டில் வெடித்துப்போன ரப்பர் ஒயர் ஒரு முழம் தொங்கியது. நமது கடையில் பத்து வருடமாக இருக்கும் பையன் அதைப் பார்த்தவுடன், "வி பிளாக்" என்றான். லேத் பட்டறையில் உருண்டைக் கம்பியை உருளாமல் வைத்து அளவு குறிக்கப் பயன்படுமே, அந்த வி பிளாக். வெட்டும் அதே மாதிரிதான் இருந்தது.

ஆனால் வி பிளாக் என்பது ஒரே துண்டு இரும்பு. நாலு பக்கமும் கிரைண்டிங் செய்து மட்டமாக இருக்கும். இந்தக் கட்டையின் ஓரத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தால், புத்தகத்தின் தாள்களை அடுக்கினாற்போல மெல்லிய தகடுகள் வரிசையாகத் தெரிந்தன. இரும்பை இப்படித் தகடு தகடாக அடுக்கிச் செய்வதற்கு ஒரே காரணந்தான் உண்டு. அதன் வழியாக மாறுமின்சாரத்தின் காந்தம் ஓட வேண்டும். முழு இரும்பாக இருந்தால் உள்ளேயே மின்சாரம் சுழன்று கொதித்துவிடும். டிரான்ஸ்பார்மரின் உள்கட்டு தகடாக இருப்பதும் இதனால்தான். ஆகவே அந்தக் கட்டை அளவு பார்க்கும் சாமான் அல்ல, மின்சாரச் சாமான் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

அடுத்து, வெட்டின் இரண்டு சரிவுகளையும் பார்த்தோம். மற்ற இடமெல்லாம் துருவும் எண்ணெய்க் கறையுமாக இருக்க, சரிவுகளின் நடுப்பகுதி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. உருண்டையான ஏதோ ஒன்றை அதில் கிடத்தி, கையால் உருட்டி உருட்டித் திருப்பியிருக்கிறார்கள்.

மூன்றாவது தடயந்தான் எங்களுக்குப் பிடித்தமானது. அதே பெட்டியில் ஒரு முனையில் துணி சுற்றிய ஹாக்ஸா பிளேடு ஒன்று இருந்தது. பல் ஒன்றுகூட மழுங்கவில்லை. ஆனால் பெயின்ட் முழுக்கப் போயிருந்தது. இரும்பு அறுக்காத பிளேடுக்கு மெக்கானிக் ஏன் துணி சுற்றி வைக்க வேண்டும்?

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை ஒன்றுதான். அது ஆர்மேச்சர் சோதிக்கும் 'க்ரௌலர்'. உறுமுவது என்று அந்த ஆங்கிலப் பெயருக்குப் பொருள். டைனமோவிலும் செல்ஃப் மோட்டாரிலும் உள்ளே சுற்றும் ஆர்மேச்சரைக் கழற்றி அந்த வெட்டில் கிடத்துவார்கள். கீழே இருக்கும் காயிலுக்கு மாறுமின்சாரம் கொடுத்தால், கட்டையும் ஆர்மேச்சரும் சேர்ந்து ஒரு டிரான்ஸ்பார்மர் ஆகிவிடும். ஆர்மேச்சரின் கம்பிச் சுற்றுதான் அதன் இரண்டாவது சுற்று. சுற்று நன்றாக இருந்தால் ஒன்றும் நடக்காது. எங்காவது இன்சுலேஷன் கருகிக் கம்பியும் கம்பியும் ஒட்டியிருந்தால், அந்தச் சுற்றில் மட்டும் மின்சாரம் ஓடத் தொடங்கும். அந்தக் காடியின் மேல் பிளேடை நீளவாக்கில் பிடித்தால், பிளேடு இழுபட்டு 'கர்ர்' என்று அதிரும். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று என்பதால், பிளேடு வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஆர்மேச்சரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு காடியாகப் பிளேடை வைத்துப் பார்த்தால், பழுது எந்தக் காடியில் என்று மீட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம். அந்த மேஸ்திரி பிளேடில் துணி சுற்றியது கை கூசாமல் இருக்கத்தான் என்று நினைக்கிறோம்.

இதன் காலம் போய்விட்டதா என்றால், வண்டித் தொழிலில் பெரும்பாலும் போய்விட்டது. டைனமோ இருந்த இடத்துக்கு ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது. அதில் சுற்றுவது கம்யூட்டேட்டர் வைத்த ஆர்மேச்சர் அல்ல. செல்ஃப் மோட்டாரில் ஆர்மேச்சர் இன்னும் இருக்கிறது. ஆனாலும் அதைப் பிரித்துச் சுற்றுக் கட்டுவதைவிட முழு மோட்டாரையும் மாற்றிவிடுகிறார்கள். இப்படி நினைத்து நாம் கைவிட்டிருந்தால் வாடிக்கையாளரை இழந்திருப்போம். ஏனென்றால் மிக்சியிலும், கையில் பிடிக்கும் டிரில்லிங் மெஷினிலும், கட்டிங் மெஷினிலும் இருப்பது இதே வகை ஆர்மேச்சர்தான். நம் ஊர்களில் மிக்சி காயில் கட்டும் கடை இல்லாத கடைத்தெரு ஏது? அப்படி ஒரு கடைக்காரர்தான் அதை வாங்கிப் போனார். இரும்பு எடைக்குக் கிடைத்திருக்கக்கூடியதைப் போல் பல மடங்கு கிடைத்தது. பெட்டி கொண்டுவந்த தம்பியை அழைத்து அதில் ஒரு பங்கைக் கொடுத்தோம். வாங்கும்போதே "பெயர் தெரிந்தால் கூடுதல் உண்டு" என்று சொல்லி வாங்குவது நமது வழக்கம். இப்படிச் செய்வதால் அடுத்த பட்டறைப் பெட்டியும் நம்மைத் தேடி வருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒயர் தொங்கும் பழைய சாமானைக் கல்லா மேஜையில் வைத்து, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று பிளக்கில் செருகாதீர்கள். அமெரிக்காவில் செய்தவை 110 வோல்ட்டுக்கு உரியவை. நம் 230 வோல்ட்டில் போட்டால் காயில் கருகும். பெயர்ப்பலகைத் தகட்டில் வோல்ட் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ரப்பர் ஒயரின் உறை பிஸ்கட் போல உதிரும். எர்த் ஒயர் இருக்காது. தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, ஒயரை மாற்றி, உடம்பில் மின்சாரம் கசிகிறதா என்று பார்த்து, சீரியஸ் பல்பு வைத்த பிறகே சோதிக்க வேண்டும். க்ரௌலரை ஆர்மேச்சர் கிடத்தாமல் வெறுமனே ஓட விடுவதும் கூடாது. காந்தப் பாதை மூடாததால் காயிலில் அதிக மின்சாரம் ஏறிச் சூடாகும்.

பெட்டியைக் கலைக்காதீர்கள்

மேலே சொன்னதில் பிளேடு இல்லாவிட்டால் நமக்குச் சந்தேகம் தீர்ந்திருக்காது. ஆகவே நாம் கடைப் பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கும் முதல் விதி, வந்த பெட்டியை வந்தபடியே வைக்க வேண்டும் என்பது. மேஸ்திரிகள் ஒரு வேலைக்கு வேண்டியதை ஒன்றாகப் போட்டு வைப்பார்கள். பித்தளை தனி, இரும்பு தனி என்று பிரித்த மறுநிமிடம் அந்த உறவு போய்விடும். செய்தித்தாளில் சுற்றியிருந்தால் அந்தத் தாளையும் எறியாதீர்கள், தேதி பார்க்க உதவும்.

இரண்டாவது, தேய்மானம். புதிதாக இருக்கும் கருவி பேசாது, தேய்ந்த கருவி பேசும். தலை பூப்போல விரிந்திருந்தால் சுத்தியலால் அடி வாங்கிய சாமான். உள்வாய் பளபளத்தால் எதையோ கவ்விப் பிடித்தது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஒரே திசையில் நெம்பியது. கம்பெனி முத்திரை எதுவும் இல்லாமல், வெல்டிங் தடத்தோடு, ஸ்பிரிங் பட்டையை வளைத்துச் செய்ததாக இருந்தால் அது மேஸ்திரியே செய்துகொண்டது. அவர் பார்த்த வண்டி எது என்று தெரிந்தால்தான் அதன் வேலை தெரியும். வீட்டாரிடம் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: "அப்பா எந்த வண்டி அதிகம் பார்ப்பாங்க?"

முத்திரை இருந்தால் பாதி வேலை முடிந்தது. 18 என்ற எண்ணும் ஜி என்ற ஆங்கில எழுத்தும் சேர்ந்து, அதன் பின் இன்னொரு எண் அடித்திருந்தால், அது இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி தன் மோரிஸ், ஆஸ்டின் வண்டிகளின் சர்வீசுக்கென்று வகுத்த தனிக் கருவி. அம்பாசிடர் என்பதே மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழி வந்ததுதானே. அந்தக் கம்பெனியின் ஒர்க்‌ஷாப் மேனுவல்களில் இந்த எண்களையும் படங்களையும் போட்டிருக்கிறார்கள். பெட்டியோடு எண்ணெய்ப் பிசுக்கான பழைய மேனுவல் ஏதும் வந்தால் அதைக் காகிதக் கட்டில் சேர்க்காதீர்கள். சமயத்தில் கருவிகளைவிட அதற்குத்தான் விலை.

எண் பொய் சொல்லும் ஸ்பேனர்

இனி, எல்லாப் பெட்டியிலும் இருந்து, எல்லாக் கடையிலும் தவறாக விற்கப்படும் சாமானுக்கு வருவோம். ஸ்பேனரில் 1/4 என்று அடித்திருக்கும். வாயை வெர்னியர் வைத்து அளந்தால் 13.3 மி.மீ. வரும். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அல்லவா? பையன் குழம்பி, "வாய் அகன்றுபோன ஸ்பேனர்" என்று கழிவில் போட்டுவிடுவான். அல்லது 13 என்றோ 14 என்றோ சீட்டு ஒட்டிவிடுவான்.

எண்ணின் அருகில் டபிள்யூ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது விட்வொர்த். ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841இல் வகுத்த மரை முறை. மரையின் கோணம் 55 பாகை. அந்த முறையில் ஸ்பேனரில் அடிப்பது வாயின் அகலத்தை அல்ல. அது எந்தக் கனமுள்ள போல்ட்டுக்கு உரியதோ அந்தப் போல்ட்டின் விட்டத்தை. கால் அங்குல போல்ட்டின் தலைக்கு வாய் 0.525 அங்குலம். அதுதான் அந்த 13.3. இதேபோல 5/16 டபிள்யூ ஸ்பேனரின் வாய் 15.2 மி.மீ., 3/8 டபிள்யூ 18 மி.மீ., 7/16 டபிள்யூ 20.8 மி.மீ., 1/2 டபிள்யூ 23.4 மி.மீ. இதைக் கல்லாவுக்குப் பின்னால் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளலாம். சில ஸ்பேனரில் ஒரே வாய்க்கு 1/4 டபிள்யூ, 5/16 பி.எஸ். என்று இரண்டு அளவு இருக்கும். அதுவும் பிழையல்ல. பி.எஸ்.எஃப். என்ற நெருக்கமான மரைக்கு போல்ட் தலை ஒரு அளவு சிறியது. அதனால் ஒரே வாய் இரண்டுக்கும் உதவும்.

ஏ.எஃப். என்று இருந்தால் கதை வேறு. அதில் எண் சொல்வது நேராக வாயின் அகலத்தை. 1/2 ஏ.எஃப். என்றால் அரை அங்குலம், 12.7 மி.மீ. 1948இல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றும் 60 பாகைக் கோணமுள்ள பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் வண்டிகளும் படிப்படியாக அந்தப் பக்கம் போயின. அம்பாசிடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பார்த்த மேஸ்திரியிடம் ஏ.எஃப். செட் இருந்தது அதனால்தான். பியட், 1954இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய டாடா பென்ஸ் லாரி ஆகியவற்றுக்கு மி.மீ. ஸ்பேனர். 1955இல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு புல்லட்டின் பழைய வண்டிகளில் பிரிட்டிஷ் மரைகள். எல்லா வண்டியும் பார்த்தவரிடம் மூன்று செட்டும் இருக்கும். மூன்றையும் ஒன்றாகக் கலந்து கம்பியில் கோத்து விற்பதுதான் நம்மவர்கள் செய்யும் காரியம்.

கலந்து விற்றால் என்ன கெட்டது? 12.7 மி.மீ. தலையுள்ள நட்டில் 13 மி.மீ. ஸ்பேனர் தாராளமாக ஏறும். இறுகிப்போன நட்டாக இருந்தால் மூலை மழுங்கும். பிறகு உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். 13.3க்கு 14 போட்டால் இன்னும் மோசம். எல்லாமே பொருந்தாது என்றும் சொல்ல முடியாது. 3/4 ஏ.எஃப். ஸ்பேனரும் 19 மி.மீ. ஸ்பேனரும் ஏறக்குறைய ஒன்றே. 3/8 டபிள்யூவும் 18 மி.மீ.யும் அப்படித்தான். வாங்க வருபவர் என்ன வண்டி என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுப்பதற்கு அரை நிமிடம் ஆகும்.

மோரிஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. மோரிஸ் எஞ்சின்கள் செய்யப்பட்ட கவென்ட்ரி தொழிற்சாலை, முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. அங்கிருந்த மெஷின்கள் மி.மீ. மரை வெட்டுபவை. 1923இல் மோரிஸ் அதை வாங்கியபோது மெஷின்களை மாற்றவில்லை. ஆனால் இங்கிலாந்து மெக்கானிக்கிடம் இருப்பது விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே போல்ட்டின் மரை மி.மீ., தலை விட்வொர்த் என்று செய்து அனுப்பினார்கள். ஸ்பேனர் பொருந்துகிறதே என்று விட்வொர்த் நட்டைப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். அந்தக் கால வண்டியைப் புதுப்பிப்பவர் வந்து பழைய போல்ட் கேட்டால், ஸ்பேனர் அளவை வைத்து எடுத்துக் கொடுக்காமல் மரை கேஜ் வைத்துப் பாருங்கள்.

விட்வொர்த் ஸ்பேனரை யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள், பழைய கார் புதுப்பிப்பவர்கள் வாங்குவார்கள். அதைவிட, இங்கிலாந்திலிருந்து வந்த பழைய லேத்தும் மில் இயந்திரமும் ஓடும் இடங்களில் இது அன்றாடத் தேவை.

தவறாகப் பெயர் வைக்கப்படும் வேறு சில

மரக்குச்சியின் முனையில் ரப்பர்க் கிண்ணி இருக்கும். விளையாட்டுச் சாமான் என்று குழந்தைகளிடம் கொடுத்துவிடுவார்கள். அது வால்வு அரைக்கும் குச்சி. கிண்ணியை வால்வின் முகத்தில் ஒட்டி, கிரைண்டிங் பேஸ்ட் தடவி, கீரை மத்தை உருட்டுவது போல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டுவார்கள். ரப்பர் கெட்டிருந்தால் பயனில்லை.

பெரிய ஜி கிளாம்ப் போன்ற சாமானின் ஒரு முனையில் வளையமோ கவட்டையோ இருந்து, அதில் ஜன்னல் போல இடைவெளி விட்டிருந்தால், அது வால்வு ஸ்பிரிங்கை அமுக்குவது. அந்த இடைவெளி வழியாகத்தான் வால்வு லாக்கை எடுப்பார்கள். தச்சருக்கு அதைக் கிளாம்ப் என்று விற்றால் திரும்பி வரும்.

மூன்று நாலு அங்குல அகலத்தில் சுருட்டிய தகடு, சதுரச் சாவியால் முறுக்கினால் இறுகுவது, பிஸ்டன் ரிங்கை அமுக்கி சிலிண்டரில் இறக்கும் பட்டை. இதை ஆயில் பில்டர் கழற்றும் சாமான் என்று விற்பதைப் பார்த்திருக்கிறோம். பில்டர் பட்டை இதைவிட அகலம் குறைந்தது, கைப்பிடியும் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும்.

சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங்கை அமுக்கும் நீள ஸ்குரூக்கள் வந்தால் மட்டும் நாம் கருவியாக விற்பதில்லை. மரை தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. வேலை நடுவில் மரை விட்டால் அந்த ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். அதை மட்டும் இரண்டாக அறுத்து இரும்போடு போடுகிறோம்.

கணக்கு விஷயம் ஒன்று. பதிவு பெறாதவரிடம் பழைய சாமான் வாங்கும்போது தேதி, பெயர், முகவரி, சாமான் விவரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுச் சாமான் வந்து சேர்ந்தால் அந்தச் சீட்டுத்தான் நமக்குத் துணை. பழைய பொருளை வாங்கி, அதன் தன்மை மாறாமல் விற்பவர் உள்வரி வரவு எடுக்காதிருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜி.எஸ்.டி. கட்ட விதிகளில் இடமுண்டு. அதற்கும் கொள்முதல் சீட்டு வேண்டும். பெட்டிக்கு மொத்தமாக ஒரு விலை எழுதாமல், தனியாக விற்கப்போகும் கருவிக்குத் தனி வரி எழுதி வையுங்கள். விவரத்தைத் தங்கள் கணக்கரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.